ஒவ்வொன்றும் தனிப் பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவரிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கிவிடுவார். அவர் கையில் பெரும்பாலும் இருந்தது துப்பாக்கி என்பதால், அதைக் கீழே வைப்பது எதிரில் நிற்பவருக்கு ஒருவகையில் ஆறுதல்தான். ஆனால் பேச்சு நீளும்.

"சோறு ஒரே பானையில வெந்தது. ஒண்ணு வெந்தா எல்லாம் வெந்திருக்கும். தோட்டா அப்படியா? ஒவ்வொண்ணும் தனிப் பானை, தனி அடுப்பு, தனி உலை. ஒண்ணு வெடிச்சா, அந்த ஒண்ணு வெடிச்சுதுன்னு அர்த்தம். பக்கத்துல இருக்கறதும் வெடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்று எதிரில் நிற்பவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் துப்பாக்கியை மறுபடி எடுப்பார்.

தஞ்சாவூர் கீழவாசலில், பாத்திரக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் அந்த அம்மாவுடைய துப்பாக்கிக் கடை இருந்தது. மாடியில் ஒரே ஓர் அறை. விதைப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்த புதிதில் அந்த அறைக்குக் குடிவந்தேன். வாடகைக்குக் கேட்டபோது அவர் என்னைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. "மாடிக்குப் போய் நடந்து காட்டுங்க" என்றார். கீழே கடையில் உட்கார்ந்து, மேலே என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலில் படுக்கச் சொன்னார். திரும்பிப் படுக்கச் சொன்னார். கட்டில் கிறீச்சிட்டது. "கட்டிலுக்கு எண்ணெய் விடணும். ஆளு பரவாயில்லை" என்று சாவியைக் கொடுத்தார்.

கடை அவருடைய கணவர் நடத்தியது. கணவர் இறந்தபின் லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறியது. துப்பாக்கியும் தோட்டாவும் விற்கலாம், பழுது பார்க்கலாம், சுட்டுச் சோதிக்கலாம் என்று அதில் மூன்று அனுமதிகள். முதல் இரண்டையும் கணவர் விரும்பிச் செய்தாராம். மூன்றாவதில்தான் இவருடைய உயிர் இருந்தது.

சோதனை நடக்கும் இடம் திருக்காட்டுப்பள்ளி போகும் வழியில், காவிரிக் கரையை ஒட்டிய ஒரு பழைய செங்கல் சூளை. மண் எடுத்த பள்ளம் ஆழமாக இருந்தது. அதன் மறுபக்கம் உயரமான மண்மேடு. குண்டு மேட்டில் புதைந்துவிடும். துப்பாக்கிகளைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு, காவல் நிலையத்தில் சொல்லி ஒரு காவலரையும் உடன் அழைத்துக்கொண்டு போவார். எப்போதும் வருகிறவர் ஒரே காவலர்தான். நிலையத்தில் வேறு யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சோதனை முடியும்வரை சாப்பாடு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பள்ளத்தில் இறங்கியதும் அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார். வலது தோளில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொள்வார். காதில் பஞ்சு. சிலுவைக் குறி. பிறகு வெடி. புகை அடங்கியதும் குழல் முனையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வார். "பேசுது" என்றால் நல்ல துப்பாக்கி. "முனகுது" என்றால் பழுது பார்க்க வேண்டும். தோட்டா வெடிக்காவிட்டால் "நமுத்துருச்சு". ஐப்பசி மழையில் அப்பளம் நமுப்பதுபோல் தோட்டாவும் நமுக்கும். அதற்காகவே தோட்டாப் பெட்டிகளை வறுத்த அரிசி போட்ட தகர டின்னில் வைத்திருந்தார்.

இந்த மூன்று சொற்களும் பள்ளத்தோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் பங்குச் சாமியாரிடம், "சாமி, முன்னெல்லாம் உங்க பிரசங்கம் பேசும். இன்னிக்கு நமுத்துருச்சு" என்று சொல்லிவிட்டார். சாமியாருக்கு அந்தச் சொல்லின் முழுப் பொருள் தெரியாது. அப்பளத்தைத்தான் நினைத்துக்கொண்டு சிரித்தாராம். தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். அவருடைய அகராதியில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது.

கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. கணவர் காலத்தில் அதில் கடையின் பெயர் மட்டும் இருந்ததாம். இவர் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "சுட்டுக் காட்டித் தரப்படும்." பக்கத்தில் டீக்கடை. எதிரில் வெளியூர் லாரிகள் நிற்கும். ஒருநாள் ஒரு லாரி டிரைவர் பலகையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சூடா ரெண்டு குடுங்கம்மா."

"எது ரெண்டு?"

"என்ன சுடறீங்களோ அது."

"லைசென்ஸ் இருக்கா?"

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். அதன்பிறகுதான் சுவரில் மாட்டியிருந்தவை அவர் கண்ணில் பட்டன. உரிமத்தைத் திரும்ப வாங்காமலே லாரிக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர்தான் ஓடிப்போய்க் கொடுத்தார்.

வங்கிக் காவலாளிகள் எப்போதாவது துப்பாக்கியைத் துடைத்துக்கொள்ள வருவார்கள். துடைத்துவிட்டு அனுப்பினால் அவர்களுக்குப் போதும். இவருக்குப் போதாது.

"கடைசியா எப்பச் சுட்டீங்க?" என்று ஒரு காவலாளியைக் கேட்டார்.

"நான் எதுக்கும்மா சுடணும்? வாசல்ல நிக்கிறதுதானே வேலை."

"துப்பாக்கியும் அப்படியே நினைச்சுக்கிட்டிருந்தா?"

குழலை மடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபக்கம் தெரியவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். காய்ந்த களிமண் கொட்டியது. குளவி கூடு கட்டியிருந்தது, நெடுங்காலத்துக் கூடு.

"சுட்டிருந்தா குழல் வெடிச்சு உங்க மூஞ்சிக்கு வந்திருக்கும். இத்தனை நாளும் பேங்கைக் காத்தது குளவிதான். சம்பளத்துல பாதியை அதுக்குக் குடுங்க."

அப்போது வெளிநாட்டுச் சரக்குக்கு நாட்டில் எல்லாக் கதவும் திறந்துகொண்டிருந்த நேரம். முன்பு பர்மா பஜாரில் மறைத்து விற்றவை கீழவாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தன. போதாததற்கு வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருகிறவர்களும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஏதாவது ஒரு வாக்குறுதி எழுதியிருக்கும். உடையாது, நனையாது, கீறாது. அந்த எழுத்துகளைப் பார்த்தாலே அவருக்குக் கை ஊறும்.

அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு பாய் வருவார். தென்னந்தோப்பும் ஒற்றைக் குழல் துப்பாக்கியும் வைத்திருப்பவர். ஒருமுறை துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஷாக் புரூஃப்மா. மாடியிலேர்ந்து போட்டாலும் ஓடும்."

"போட்டுப் பார்த்தீங்களா?"

"அட்டையில போட்டிருக்கே."

மறுநாள் பள்ளத்தில் பாயின் துப்பாக்கியைச் சோதிக்கும்போது, கடிகாரத்தை அவரிடமிருந்து வாங்கித் துப்பாக்கியின் தோளில் பதியும் கட்டையில் வாரோடு கட்டினார். சுட்டார். உதை நன்றாக இருந்தது. கடிகாரத்தின் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே மூன்று முள்ளும் கழன்று அடியில் கிடந்தன.

"துப்பாக்கி பேசுது பாய்."

"வாட்ச்சு?"

"துபாய்ல ஓடியிருக்கும்."

பாய் நல்ல மனிதர். சிரித்துவிட்டார். அந்தக் கடிகாரத்தை முள்ளில்லாமலேயே வெகுநாள் கட்டிக்கொண்டிருந்தார். மணி கேட்பவர்களிடம் அந்தக் கதையைச் சொல்வதற்காக.

எனக்கும் கடைக்கார அம்மாவுக்கும் ஒரு விவகாரத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. என் வேலையே மாதிரி எடுப்பதுதான். ஒரு குவியல் விதைநெல்லிலிருந்து மேல், நடு, அடி என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கலந்து, எண்ணி, ஈரத் தாளில் முளைக்கவைத்துப் பார்ப்போம். அதை வைத்துக் குவியல் முழுவதற்கும் முளைப்புத் திறன் சொல்வோம். இதை நான் விளக்கியபோது அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அப்ப மூட்டையில இருக்கறதை நீங்க பார்க்கவே இல்லை."

"பார்க்க வேண்டியதில்லைம்மா. கணக்கு இருக்கு."

"விதைத் தம்பி, முளைக்காத நெல்லு ஒண்ணு வயல்ல கிடந்தா பக்கத்து நாத்தைப் பிடுங்கி நட்டுக்கலாம். எதுத்தாப்புல காட்டுப்பன்னி நிக்கறப்ப வெடிக்காத தோட்டாவுக்கு என்னத்தை நடுவீங்க?"

அன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரிம்மா. எல்லாத்தையும் சுட்டுப் பார்த்துட்டா விக்கறதுக்கு என்ன இருக்கும்? வெடிச்ச தோட்டா ஒண்ணுதான் நல்ல தோட்டான்னு நிச்சயமாத் தெரியும். அதை வாங்கி என்ன பண்றது?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று முழுவதும் என்னோடு பேசவும் இல்லை. மறுநாள் காலையில் நான் வேலைக்குப் புறப்படும்போது கடையிலிருந்து கூப்பிட்டார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க சொன்னதுக்குப் பதில் இல்லை."

"அப்ப?"

"பதில் இல்லைன்னு சொன்னேன். சுட்டுப் பார்க்காம குடுப்பேன்னு சொல்லலையே."

இதனால் துப்பாக்கிகள் விஷயத்தில் அவருக்குப் பெரும் பெயர் இருந்தது. தோட்டா விஷயத்தில் வியாபாரமே இல்லை. பெட்டி வாங்க வந்தவர், "பிரிக்காத பெட்டியாக் குடுங்கம்மா" என்பார். "பிரிக்காம எப்படிங்க நான் தைரியமாக் குடுக்கறது?" என்பார் இவர். வந்தவர் திருச்சிக்குப் போய் வாங்கிக்கொள்வார். பழுது பார்ப்பதில் வருவதை வைத்து மட்டும் கடையை ஓட்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும், மஸ்கட்டில் இருந்த அவருடைய ஒரே மகனுக்கும் தெரியும்.

மகன் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். வெள்ளிக்கிழமை தோறும் எதிர்ச் சாரியிலிருந்த எஸ்டிடி பூத்துக்குப் பேசுவான். பூத்துக்காரர் தெருவில் இறங்கி "மஸ்கட்!" என்று கத்துவார். இவர் ஓடுவார். கண்ணாடிக் கதவை மூட மாட்டார். ஆகவே கீழவாசலுக்கே அந்தப் பேச்சின் பாதி தெரியும்.

"நான் அங்க வந்து என்னடா பண்றது? ... ஏசியிலயா? ஏசியில உக்காந்து நமுத்துப் போயிருவேன்டா."

குளிர்சாதன அறையில் ஈரம் குறையுமே தவிரக் கூடாது, ஆகவே நமுக்க வழியில்லை என்று நான் பிறகு விளக்கினேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மகனுடைய கவலையில் நியாயம் இருந்தது. முந்தின மழைக்காலத்தில் இவருக்கு டைஃபாய்டு வந்து, நான் ஊருக்குப் போயிருந்த சமயத்தில் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடந்திருக்கிறார். டீக்கடைக்காரர் கதவைத் தட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மகனுக்குச் செய்தி தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு. அதிலிருந்து அவன் விடவில்லை. கடையை மூடு, என்னோடு வா.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இவரே ஒரு வழி சொன்னார். புதிதாகத் தொடங்கிய தனியார் தோட்டாக் கம்பெனி ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் ஏஜென்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. இவர் விண்ணப்பித்திருந்தார். "இது கிடைச்சா கடை நிமிர்ந்துரும், நான் இங்கயே இருக்கேன். கிடைக்கலையா, பொங்கலுக்கு நீ வர்றப்ப உன்கூடக் கிளம்பிர்றேன். வாக்குடா. போதுமா?" என்றார். தொலைபேசியில் அவன் என்ன சொன்னானோ தெரியாது. இவர் வெளியே வரும்போது முகம் இறுகியிருந்தது.

வாக்கு என்றால் அவருக்கு வாக்குத்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் கம்பெனிப் பிரதிநிதி வரும் நாளுக்காகத் தெருவே காத்திருந்தது. "ஒண்ணு ரெண்டு சுட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்லிருங்கம்மா" என்று டீக்கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். நானும் சொன்னேன்.

மார்கழியின் நடுவில் ஒரு சனிக்கிழமை பிரதிநிதி வந்தார். சென்னைக்காரர், கழுத்தில் டை, காரில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி நிறையத் தோட்டா. இங்கே காட்டிவிட்டு அப்படியே கும்பகோணம், மயிலாடுதுறை என்று போவதாகத் திட்டம். எல்லோரும் சூளைப் பள்ளத்துக்குப் போனோம். சுற்றிலும் சம்பா கதிர் விட்டுப் பால் பிடித்திருந்தது. வயல் முழுக்கக் கிளியும் சில்லைக் குருவியும்.

முதல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுச் சுட்டார். முகர்ந்தார். "பேசுது."

பிரதிநிதிக்கு முகம் மலர்ந்தது. "அவ்ளோதான் மேடம். பாக்ஸுக்கு ஒண்ணு பார்த்தாப் போதும். ஒரு பானை சோத்துக்கு..."

நான் இருமினேன். காவலர் கையை ஆட்டினார். ஆனால் பிரதிநிதி பழமொழியை முழுவதும் சொல்லி முடித்துவிட்டார்.

இவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

தனிப் பானை, தனி அடுப்பு, தனி உலை எல்லாம் முடிந்து அவர் மறுபடி துப்பாக்கியை எடுத்தபோது, காவலர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் சார் அதைச் சொன்னீங்க? இனிமே மத்தியானச் சாப்பாடு கிடையாது" என்றார் பிரதிநிதியிடம்.

ஒவ்வொன்றாக வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் "பேசுது". முதல் பெட்டி முடிந்தபோது பிரதிநிதி பெருமையாகச் சிரித்தார். அடுத்த பெட்டியில் மரியாதைக்குச் சிரித்தார். அதற்கடுத்த பெட்டியைப் பிரித்தபோது டையைத் தளர்த்திக்கொண்டார்.

"மேடம், இதெல்லாம் கும்பகோணத்துக்கு."

"கும்பகோணத்துக்காரங்க மட்டும் வெடிக்காததை வாங்கணுமா?"

"வெடிக்குது மேடம்! பார்த்துக்கிட்டேதானே இருக்கோம்!"

"இதுவரைக்கும் வெடிச்சுது. இதுவரைக்கும்தான்."

வெறும் உறைகள் காலடியில் சிவப்பாகக் குவிந்தன. துப்பாக்கி சூடேறினால் அடுத்த துப்பாக்கிக்கு மாறினார். கும்பகோணம் முடிந்து மயிலாடுதுறையும் முடிந்தது. கடைசித் தோட்டாவும் வெடித்த பிறகு, காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, இவர் பிரதிநிதியின் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையான மகிழ்ச்சி அது.

"தங்கமான தோட்டா தம்பி. ஒண்ணுகூடப் பழுதில்லை. என் ஆயுசுல இப்படிப் பார்த்ததில்லை."

"தேங்க்ஸ் மேடம். அப்ப எத்தனை பெட்டி ஆர்டர் போடறீங்க?"

"எதுல?"

"இதே சரக்குலதான் மேடம்."

"இதே சரக்குதான் தீந்துபோச்சே. இனிமே வர்றது வேற பானைல்ல?"

பிரதிநிதி டையைக் கழற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அனுப்புற ஒவ்வொரு பெட்டியையும் இப்படித்தான் பார்ப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பின்னே?"

அவர் காரில் ஏறும்போது நான் கூடப் போய் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். "கோவமெல்லாம் இல்லை சார். எங்க தோட்டாவை இப்படி யாருமே பாராட்டினதில்லை. ஆனா இந்தம்மாவுக்குச் சரக்கு அனுப்புறது, விதைநெல்லை வடிச்சுச் சாப்பிடறவங்களுக்கு அனுப்புற மாதிரி" என்றார். ஏஜென்சி திருச்சிக்குப் போயிற்று.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் வெறும் உறை ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தார். பூதலூர் தாண்டியதும், "நான் என்ன தப்பாச் சொன்னேன் தம்பி?" என்றார்.

"தப்பாச் சொல்லலைம்மா. அவரு விக்க வந்தாரு."

"நானும் விக்கத்தானே உக்காந்திருக்கேன்."

மறுநாள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். பெட்டியின் பூட்டைப் பலமுறை திறந்து மூடிச் சோதித்தார். தெருவில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, சூளையை ஒட்டி வயல் வைத்திருந்த ஒரு விவசாயி கடைக்கு வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்ததைப் பார்த்து, சத்தத்தைப் பற்றிச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். இவரும் அப்படித்தான் நினைத்தார்.

"அன்னிக்கு ரொம்ப நேரம் சுட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. இனிமே நடக்காது."

"நடக்காதா? ஏம்மா இப்படித் தலையில கல்லைப் போடறீங்க? அன்னிக்குப் பறந்த கிளி நேத்து வரைக்கும் இறங்கலை. இன்னிக்குக் காலையிலதான் திரும்பி வந்து உக்காந்திருக்கு. அடுத்த டெஸ்ட்டு எப்பன்னு கேக்கத்தான் வந்தேன்."

"என்கிட்டத் தோட்டா இல்லைங்களே."

"என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. திருச்சியில நான் வாங்கியாறேன். நான் சுட்டா ரெண்டு வெடிக்கே தோள்பட்டை வீங்கிடுது. நீங்க வந்து எங்க வரப்புல நின்னு, வாங்கினது நல்லா இருக்கான்னு சோதிச்சுச் சொல்லுங்க."

"எத்தனை சோதிக்கணும்?"

"எல்லாத்தையும்."

என் வாழ்நாளில் ஒரு மனித முகம் அப்படித் தெளிந்து நான் கண்டதில்லை. அவர் டிரங்குப் பெட்டியைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

ஒரு வாரத்துக்குள் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த மிராசுதார்கள் எல்லோரும் தங்கள் தோட்டாவின் தரத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள். ஒருநாள் இந்தக் கரை, ஒருநாள் அந்தக் கரை. மண்கரைக்கா நம் பக்கம் பஞ்சம்? தோட்டா அவர்களுடையது, சோதனைக் கூலி இவருடையது. காவலருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"அம்மா, ஸ்டேஷன்ல கேட்டா நான் என்ன சொல்லட்டும்? இது சோதனையா, கிளி விரட்டறதா?"

"நான் சோதிக்கறேன். கிளி தானாப் போவுது. அதை நீங்க கிளிகிட்டக் கேளுங்க."

காவலர் கேட்கவில்லை. ஆனால் வயல்காரர்கள் சாப்பாடு போட்டதால் அந்தப் பணிக்கு நிலையத்தில் போட்டி வந்துவிட்டது என்று பின்னர் குறைப்பட்டுக்கொண்டார்.

பொங்கலுக்கு மகன் வந்தான். கையில் அவருக்கு விசா, விமான டிக்கெட். கடை நிமிர்ந்துவிட்டது என்று தெருவே அவனிடம் எடுத்துச் சொன்னது. அவன் அசையவில்லை. "ஏஜென்சி கிடைச்சா இருக்கேன்னுதானே சொன்னுச்சு? கிடைக்கலைல்ல? எங்கம்மா சொன்ன சொல்லை மாத்தாது" என்றான். அதுதான் எங்களுக்கும் பயம். இவர் அவன் முகத்தைப் பார்க்காமல் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டி மறுபடி வெளியே வந்திருந்தது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பருவத்தின் கடைசிச் சோதனை. சூளை ஓரத்து வயல்காரருக்கு. மகனும் வந்தான். வரப்பில் நின்று அவர் பஞ்சை எடுத்துக் காதில் வைக்கப் போகும்போது, அவன் பையிலிருந்து ஒரு காதுமூடியை எடுத்தான். தலைக்கு மேல் வளையம், இரண்டு காதுக்கும் கிண்ணம்போல ஒவ்வொன்று. எண்ணெய்க் கிணற்றில் இயந்திரம் ஓடும் இடத்தில் மாட்டிக்கொள்வதாம்.

"பஞ்சை வெச்சே நீ காதைக் கெடுத்துக்கறே. இதை மாட்டு."

"அட்டையில என்ன போட்டிருக்கு?"

"சத்தமே கேக்காதுன்னு."

"பார்த்துருவோம்."

மாட்டிக்கொண்டார். துப்பாக்கியை மடித்தார். அப்போது மகன், எங்கள் எல்லோர் முன்னாலும், பேச ஆரம்பித்துவிட்டான். இவ்வளவு நாளும் அடக்கிவைத்திருந்தான் போலும்.

"போன வருஷம் நீ காய்ச்சல்ல கிடந்தப்ப, நான் அங்க பைப்புக்குப் பெயின்ட் அடிக்கறதைப் பார்த்துக்கிட்டு நின்னேம்மா. எனக்குத் தெரியாது. உனக்கு ஒண்ணுன்னா பிளேன் பிடிச்சு நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அதை நினைச்சா எனக்கு அங்க தூக்கமே வர்றதில்லை. வாக்குக் குடுத்தேல்ல? வாம்மா."

அவர் அவனை நேராகப் பார்த்தார். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நல்ல சாமான்டா" என்றார் உரக்க. "ஒண்ணுமே கேக்கலை. நீ வாயை அசைக்கறது மட்டும்தான் தெரியுது."

"அம்மா!"

"ஊகூம்" என்று சிரித்துத் தலையாட்டினார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கரையைப் பார்த்துச் சுட்டார். வயலிலிருந்து கிளிக்கூட்டம் ஒரு பச்சைத் துணியை உதறியதுபோல் எழும்பிக் காவிரியைத் தாண்டிப் போயிற்று. மகன் காலடியில் விழுந்த வெறும் உறையை எடுத்து வாய்க்காலில் எறிந்தான். பிறகு சிரித்தான். பிறகு தூரமாய்ப் போய்க் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். விடுமுறை முடிந்து அவன் தனியாகத்தான் திரும்பிப் போனான்.

அந்தக் கடைசிச் சோதனையில் எல்லாத் தோட்டாவும் பேசின. சோதனை முடிந்து அவர் வாய்க்காலில் கைகழுவப் போனபோது, காதுமூடியைச் சாக்கின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். வெடிக்கு அதைச் சோதித்தாயிற்று, பேச்சுக்கு யாரும் சோதிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. எடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு கிண்ணத்தையும் காதோடு சேர்த்து அழுத்திச் சரிபார்த்தேன். மகன் நின்ற இடத்தில் காவலரை நிறுத்தி, அவன் பேசிய அளவுக்கே குரல் வைத்து ஏதாவது சொல்லும்படி கேட்டேன்.

"என்னத்தைச் சார் சொல்றது? சாப்பாடு ஆறிப்போவுது, அம்மாவைக் கூப்பிடுங்கன்னு சொல்லட்டா?" என்றார் அவர்.

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கழற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.